பழைய ஏப்ரன், பில்லர், சேசிஸ் லெக் வாங்கும் முன்: உங்கள் காருக்குப் பொருந்துமா என்று பார்ப்பது எப்படி?

முன்பக்கம் அடிபட்ட காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, பம்பரையும் மட்கார்டையும் கழற்றிய பிறகுதான் உண்மையான சேதம் தெரியும். ஏப்ரன் (இன்ஜின் அறையின் பக்கச் சுவராக, முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) சுருங்கியிருக்கும், சேசிஸ் லெக் (இன்ஜினுக்கு இரு பக்கமும் முன்னோக்கி நீளும் பெட்டி போன்ற சட்டம்) ஒரு பக்கமாக மடங்கியிருக்கும். புதுப் பாகம் வர மாதக்கணக்காகும் என்பார்கள். சில மாடல்களுக்கு வரவே வராது. அப்போது யாராவது, "பழசு கிடைக்கும், போட்டுக்கலாம்" என்பார்கள். கிடைக்கும்தான். கிடைப்பது உங்கள் காருக்கு உரியதா என்பதை, காசு கொடுப்பதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்று இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் காருக்கு இடதுபக்க ஏப்ரனும் லெக்கும் சேர்ந்த துண்டு ஒன்று வாங்கினேன். அதே மாடல், அதே வருடம், நிறம்கூட அதே. அடிபட்ட துண்டையும் வாங்கி வந்ததையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசமே தெரியவில்லை. டிங்கர் மேஸ்திரி மட்டும் உடனே சரி சொல்லவில்லை. சாக்பீஸால் இரண்டிலும் ஒவ்வொரு ஓட்டையாக வட்டம் போட்டு, டேப் பிடித்து அளந்துகொண்டே வந்தார். கியர்பாக்ஸ் மவுண்ட் உட்காரும் பிராக்கெட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. "தம்பி, இது ஆட்டோமேட்டிக் வண்டியோட லெக். உங்களுது மேனுவல். இங்க பாருங்க, ரெண்டு விரல் தள்ளி இருக்கு" என்றார். அவர் அளக்காமல் வெல்டிங் வைத்திருந்தால், கியர்பாக்ஸ் ஏற்றும் நாளில்தான் எங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒட்டிய லெக்கை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். ஒரே இடத்தில் இரண்டு முறை வெட்டி, இரண்டு முறை சூடு பட்ட லெக்கை நம்பி யாரையும் அந்தக் காரில் உட்கார வைக்க முடியாது.

அன்றிலிருந்து பழைய பாகம் வாங்க நினைக்கும் எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்லி வருகிறேன். மாடல் பெயரும் வருடமும் தேடலின் ஆரம்பம் மட்டுமே. நம்பரும் அளவும் சொல்வதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

எலும்பா, தோலா என்று முதலில் பிரியுங்கள்

பானட், முன் மட்கார்டு, டிக்கி கதவு, பம்பர் உறை, இதெல்லாம் காரின் தோல். போல்ட்டைக் கழற்றி மாட்டிவிடலாம். கொஞ்சம் இடைவெளி கூடக்குறைய இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். எலும்பு வேறு. சேசிஸ் லெக், ஏப்ரன், ஷாக் அப்சார்பர் உட்காரும் டவர், கூரையைத் தாங்கும் தூண்களான ஏ, பி, சி பில்லர்கள் (முன்னிருந்து பின்னாக), கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனல், தரைத் தகடு, கூரையின் இரு பக்க ரெயில், பின் குவார்ட்டர் பேனல், எல்லாம் சேர்ந்துதான் மோதலின் விசையை வாங்கி, உள்ளே இருப்பவர்களைச் சுற்றி அனுப்பிவிடுகின்றன. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ்.

எலும்பிலும் இரண்டு வகை. போல்ட் போட்டு மாட்டுவது ஒன்று: இன்ஜினையும் சக்கர இணைப்புகளையும் கீழிருந்து தாங்கும் சப்ஃபிரேம், சில கார்களின் ரேடியேட்டர் சப்போர்ட், பம்பருக்குப் பின்னால் இருக்கும் பீம். வெல்டிங் வைப்பது இன்னொன்று: பில்லர், லெக், சில், தரைத் தகடு. முதல் வகையில் தவறு நேர்ந்தால் திருப்பிக் கழற்றலாம். இரண்டாவது வகையில் திரும்பிப் போக வழியில்லை. அதனால் கீழே நான் சொல்லும் சோதனைகளில் பாதியை முதல் வகைக்குச் செய்தால் போதும். இரண்டாவது வகைக்கு ஒன்றையும் விடக் கூடாது.

இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கட்டமைப்புப் பாகங்களைப் பழையதாக வாங்கிப் போடுவதைப் பல கார் நிறுவனங்கள் பரிந்துரைப்பதில்லை, வெளிப்படையாக எழுதியே வைத்திருக்கின்றன. உங்கள் காரின் நிறுவனம் என்ன சொல்கிறது, இன்ஷூரன்ஸ் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். புதுப் பாகம் கிடைக்கிறது, காத்திருக்க முடியும் என்றால் பில்லருக்கும் லெக்குக்கும் நான் புதியதைத்தான் சொல்வேன்.

உங்கள் காரைப் பற்றி எழுதிக்கொள்ள வேண்டியவை

ஒரு தாளை எடுத்து முதலில் சேசிஸ் நம்பரை எழுதுங்கள். 17 எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை அது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது, ஒன்றோடும் பூஜ்ஜியத்தோடும் குழம்பிவிடும் என்பதற்காக. நீங்கள் எழுதியதில் ஓ இருந்தால் அது பூஜ்ஜியம். மறுபடி பார்த்து எழுதுங்கள். முதல் மூன்று இடம் தயாரித்த நிறுவனத்தையும் நாட்டையும் சொல்லும். பத்தாவது இடம் பல நாட்டுக் கார்களில் மாடல் வருடத்தைச் சொல்லும். எல்லா நிறுவனமும் அப்படிப் பயன்படுத்துவதில்லை என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து, கதவு நிலையிலோ இன்ஜின் அறையிலோ இருக்கும் தகட்டையும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுங்கள். தயாரித்த மாதம், மாடல் குறியீடு, இன்ஜின், கியர்பாக்ஸ் குறியீடுகள் பெரும்பாலும் அங்கே இருக்கும். வாங்கிப் பதிவு செய்த வருடமும் தயாரித்த வருடமும் ஒன்றல்ல. டிசம்பரில் தயாராகி அடுத்த வருடம் விற்ற கார் எத்தனையோ உண்டு. பாகத்துக்கு முக்கியம் தயாரித்த மாதம்தான்.

அப்புறம் இந்த விவரங்கள்: பெட்ரோலா, டீசலா, ஹைப்ரிடா, மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா, இரண்டு சக்கர டிரைவா, நான்கு சக்கரமா, ஸ்டியரிங் வலமா, இடமா, எத்தனை கதவு, சன்ரூஃப் உண்டா, பக்கவாட்டு ஏர்பேக்கும் கூரை ஏர்பேக்கும் உண்டா. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு எலும்பை மாற்றுகிறது. நான்கு சக்கர டிரைவ் என்றால் தரைத் தகட்டின் நடுவில் டிரைவ் தண்டு ஓடும் சுரங்கம் பெரிதாக இருக்கும், பின்பக்க சப்ஃபிரேம் வேறாக இருக்கும். சன்ரூஃப் என்றால் கூரை ரெயிலில் கூடுதல் வலுவூட்டல் இருக்கும். ஸ்டியரிங் பக்கம் மாறினால், இன்ஜின் அறையையும் கேபினையும் பிரிக்கும் சுவரான ஃபயர்வாலில் பெடலும் ஸ்டியரிங் தண்டும் போகும் ஓட்டைகள் மாறிவிடும். ஹைப்ரிட் காரில் பேட்டரிக்காகப் பின் தரை வேறாக இருக்கலாம். கூரை ஏர்பேக் இருந்தால் அதைப் பிடிக்கும் இடங்கள் பில்லரிலும் ரெயிலிலும் வேண்டும். பி பில்லரின் அடியில் மோதலை உணரும் சென்சார் உட்காரும் கார்களில் அதற்கான நட்டு அதே இடத்தில், அதே கோணத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஏர்பேக் தப்பான நேரத்தில் விரியலாம், அல்லது விரியாமலே போகலாம்.

பாக நம்பர்: இரண்டு சேசிஸ் நம்பர், ஒரே விடை

புதிதாக வருபவர்கள் தவறவிடும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரிப்பாளரின் நம்பர் உண்டு. உங்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் டீலரின் பார்ட்ஸ் கவுன்டரிலோ நிறுவனத்தின் கேட்டலாக்கிலோ அந்த நம்பரை எடுக்கலாம். கதவு, விளக்கு என்றால் பழைய பாகத்திலேயே நம்பர் ஒட்டியிருக்கும், ஒப்பிட்டுப் பார்த்தால் முடிந்தது. லெக், பில்லர் போன்ற வெல்டிங் பாகங்களில் நம்பர் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் பெயின்ட்டுக்கு அடியில் போயிருக்கும். அப்போது என்ன செய்வது?

அந்தத் துண்டு எந்தக் காரிலிருந்து வெட்டப்பட்டதோ, அந்தக் காரின் சேசிஸ் நம்பரைக் கேளுங்கள். அதையும் கேட்டலாக்கில் போட்டு, அதே பாகத்தின் நம்பரை எடுங்கள். இரண்டு காருக்கும் ஒரே பாக நம்பர் வந்தால், பொருந்துமா என்ற கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிட்டது. விற்பவர் சேசிஸ் நம்பர் தர மறுத்தாலோ, "எல்லாம் ஒண்ணுதான் சார், போடலாம்" என்று சொல்லி நகர்ந்தாலோ, வேறு இடம் பாருங்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று தெரியாத எலும்பை நான் வாங்க மாட்டேன்.

நம்பர் ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை சில. கடைசியில் வரும் எழுத்து மாறினால் பாகமும் மாறியிருக்கலாம். ஒரு எழுத்துதானே என்று விடாதீர்கள். பழைய நம்பரை ரத்து செய்து புது நம்பர் கொடுத்திருந்தால் கேட்டலாக்கே அதைக் காட்டும்: இந்த நம்பருக்குப் பதில் இது என்று. புதியது பழைய காருக்கும் போகும் என்றால், பழையது புதிய காருக்கும் போகும் என்று அர்த்தமில்லை. இடது வலது நம்பர்கள் பெரும்பாலும் ஒரு எண்தான் வித்தியாசப்படும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் ஒற்றைப்படை இடது, இரட்டைப்படை வலது என்பது பொதுவான வழக்கம். இடது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வரும் இடது. காருக்கு முன்னால் நின்று பார்க்கும் இடது அல்ல. போனில் பேசும்போது இதைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேட்டலாக்கில் சில பாகங்களுக்கு நேராக "இந்த மாதம் வரை", "இந்த சேசிஸ் நம்பரிலிருந்து" என்று இருக்கும். நடு வருடத்தில் செய்த மாற்றம் அது. உங்கள் கார் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பாருங்கள்.

பெயர் ஒன்றாக இருந்து உள்ளே மாறியவை

"ரெண்டும் ஒரே பிளாட்ஃபார்ம்தான்" என்ற பேச்சை அடிக்கடி கேட்பீர்கள். பிளாட்ஃபார்ம் என்பது பல மாடல்களுக்குப் பொதுவான அடித்தள வடிவமைப்பு. ஒரே பிளாட்ஃபார்ம் என்றால் ஒரே பாகம் என்று பொருள் இல்லை. ஃபோக்ஸ்வாகன் 2012-இல் கொண்டுவந்த எம்கியூபி பிளாட்ஃபார்மை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாறாமல் வைத்த முக்கிய அளவு, முன் சக்கர அச்சுக்கும் பெடலுக்கும் இடையிலான தூரம். வீல்பேஸ், அகலம், முன்னும் பின்னும் நீளும் பகுதி எல்லாம் காருக்குக் கார் மாறும். சிறிய ஹேட்ச்பேக்கும் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவியும் அதே குடும்பத்தில் வந்தது அதனால்தான்.

ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் கதை இன்னும் பளிச்சென்று புரியும். 2014 மாடல் வரை பாடி இரும்பு. 2015 மாடலில் பாடி முழுக்க அலுமினியம். பெயர் மாறவில்லை. கீழே இருக்கும் சேசிஸ் ஃபிரேம் அப்போதும் இரும்புதான். ஒரு வருட வித்தியாசம்தானே என்று 2014 கேபினின் துண்டை 2015 வண்டிக்கு வாங்கினால் எந்த வெல்டராலும் அதை ஒட்ட முடியாது.

வெளியிலிருந்து தெரியாத மாற்றமும் உண்டு. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு 2012-இல் காரின் முன் மூலை மட்டும் மோதும் சோதனையைக் கொண்டுவந்தது. மோதுவது ஓட்டுநர் பக்கத்து மூலை. அதில் தேற, தலைமுறை மாறும் வரை காத்திருக்காமல் நடுவிலேயே முன் கட்டமைப்பைப் பலப்படுத்திய நிறுவனங்கள் இருந்தன. 2016-இல் அதே அமைப்பு ஏழு சிறிய எஸ்யூவிகளை எடுத்து, மறுபக்க மூலையை மோதிப் பார்த்தது. ஓட்டுநர் பக்கத்தில் ஏழுமே நல்ல மதிப்பெண் வாங்கியவை. மறுபக்கத்தில் ஒன்று மட்டுமே அந்த மதிப்பெண்ணை எட்டியது. இடமும் வலமும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாமல் இருக்க இந்த ஒரு உதாரணம் போதும். ஒரு நாட்டுக்காகத் தயாரித்த காரின் லெக், அதே பெயரில் வேறு நாட்டில் விற்ற காரின் லெக்கைவிட ஒரு தகடு கூடவோ குறைவாகவோ வைத்திருக்கலாம். பாதியாக வெட்டி இறக்குமதி செய்த வண்டிகளிலிருந்து பாகம் எடுப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

உலோகம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான கார்களில் வெளித் தகடுகள் மென்மையான இரும்பு. அதன் இழுவலிமை (இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்கும் அளவு) சுமார் 300 மெகாபாஸ்கல். பி பில்லரின் உள்ளே இருக்கும் போரான் ஸ்டீல் சுமார் 1,500 மெகாபாஸ்கல் வரை தாங்கும், ஐந்து மடங்கு. இரும்பைச் சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அச்சுக்குள் அழுத்தும்போதே சட்டென்று குளிரவைத்து அந்தப் பலத்தைக் கொண்டுவருகிறார்கள். மறுபடி சூடு காட்டினால் அந்தப் பலம் போய்விடும், உருவம் மட்டும் அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து.

அதனால் வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். இந்தத் துண்டைக் கேஸ் கட்டரால் வெட்டினார்களா, ரம்பத்தாலா? கேஸ் கட்டர் என்றால் வெட்டிய ஓரத்திலிருந்து உள்ளே ஒரு பகுதி ஏற்கெனவே வெந்துவிட்டது. எங்காவது சூடு காட்டி நிமிர்த்தினார்களா? தகட்டில் நீலமோ பழுப்போ ஓடியிருந்தால், பெயின்ட் கொப்பளித்துக் கருகியிருந்தால் அது சூட்டின் தடயம். மூன்றாவது, உங்கள் காரில் அந்தப் பாகம் எந்த உலோகம்? இதற்கு நிறுவனத்தின் பாடி ரிப்பேர் கையேட்டைப் பார்க்க வேண்டும். எந்தத் தகடு எந்த ரகம் என்று நிறம் போட்டுக் காட்டியிருப்பார்கள்.

காந்தம் வைத்துப் பார்த்தால் அலுமினியமா இரும்பா என்பது தெரியும், இரும்பில் எந்த ரகம் என்பது தெரியாது. மேஸ்திரிகளுக்குத் தெரிந்த ஒரு அடையாளம் இருக்கிறது: ஸ்பாட் வெல்டிங்கை எடுக்கப் போடும் சாதாரண டிரில் பிட், போரான் ஸ்டீலில் நழுவி நழுவி மழுங்கிவிடும். அலுமினியத்தை இரும்போடு நேரடியாகச் சேர்த்தால் ஈரம் படும்போது அலுமினியம் அரித்துப் போகும், நடுவில் காப்பு இல்லாமல் சேர்க்கவே கூடாது.

எங்கே வெட்டுவது என்று நீங்கள் சொல்லுங்கள்

பாகம் சரி, நம்பர் சரி, உலோகம் சரி. ஆனால் நான்கு விரல் குறைவாக வெட்டிக் கொடுத்துவிட்டால் எல்லாம் வீண்.

லெக்கையோ பில்லரையோ மனம்போன இடத்தில் வெட்டி ஒட்ட முடியாது. எந்த இடத்தில் இணைக்கலாம், எங்கே இணைக்கவே கூடாது என்று கையேட்டில் படம் போட்டு இருக்கும். சில பாகங்களில் நடுவில் வெட்ட அனுமதியே கிடையாது. தொழிற்சாலையில் இணைத்த தையலிலேயே பிரித்து, முழுசாக மாற்ற வேண்டும். பில்லரில் வெளித் தகடு, நடு வலுவூட்டல், உள் தகடு என்று மூன்று அடுக்கு இருக்கும். மூன்றையும் ஒரே கோட்டில் வெட்டி ஒட்டக் கூடாது, ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் இணைய வேண்டும்.

அதனால் முதலில் உங்கள் மேஸ்திரியிடம் இணைப்புக் கோடு எங்கே வரும் என்று கேட்டு, காரில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் டேப் வைத்து போட்டோ எடுங்கள். அந்தக் கோட்டுக்கு அப்பால் குறைந்தது 10 செ.மீ. கூடுதலாக வெட்டித் தரும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். கேஸ் கட்டரைத் தவிர்க்கவே முடியாது என்றால் அதைவிட இன்னும் அதிகம். பி பில்லர் என்றால் கீழே சில் பேனலில் ஒரு துண்டும் மேலே கூரை ரெயிலில் ஒரு துண்டும் சேர்ந்தே வர வேண்டும். போனில் இப்படிக் கேட்கலாம்: "அண்ணே, நான் அனுப்பின போட்டோல சிவப்புக் கோடு போட்டிருக்கேன் பாருங்க, அதுக்கு ஒரு ஜாண் தள்ளி வெட்டுங்க. மிச்சத்தை நாங்க எடுத்துக்கறோம்." கூடுதலாக இருந்தால் வெட்டி எறியலாம், குறைந்தால் ஒட்டுப் போட்டு நீட்ட முடியாது.

இணைக்கும் முறையும் பொருத்தத்தில் சேர்ந்ததுதான். 2017-இல் அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. 2010 மாடல் ஹோண்டா ஃபிட் ஒன்றின் கூரையை மாற்றிய ஒர்க்‌ஷாப், நிறுவனம் சொன்னபடி வெல்டிங் வைக்காமல் பசையால் ஒட்டியிருந்தது. அந்தக் காரைப் பின்னால் வாங்கிய தம்பதி விபத்தில் சிக்கிப் படுகாயமடைந்தார்கள். நடுவர் குழு ஒர்க்‌ஷாப்பின் மீதே பெரும்பகுதிப் பொறுப்பை வைத்தது. இதை நான் வழக்குக்காகச் சொல்லவில்லை. அந்தத் தம்பதிக்குக் கூரை எப்படி ஒட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வழியே இல்லை. நாளை உங்கள் காரை வாங்கப் போகிறவருக்கும் தெரியாது.

பாகத்தின் கடந்த காலம்

அந்த வண்டி எங்கே அடிபட்டது என்று கேளுங்கள். வெட்டுவதற்கு முந்தைய முழு வண்டியின் போட்டோ இருந்தால் வாங்கிப் பாருங்கள். பின்பக்கம் அடிபட்ட வண்டியின் முன் லெக் நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பின்னால் பலமாக இடித்தால் விசை பாடி வழியாக முன்னால் வரை போகும், எதிர்மூலையில்கூட மடிப்பு விழலாம். மடிப்பைக் கண்டுபிடிக்க, விளக்கைத் தகட்டுக்குச் சாய்வாகப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் தெரியாத அலை, சாய்த்துப் பிடித்தால் நிழலாக விழும். மூட்டுகளில் பூசியிருக்கும் சீலன்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் நன்றாக இருந்து சீலன்ட் மட்டும் வெடித்திருந்தால், தகடு அசைந்திருக்கிறது.

பட்டி பார்த்திருந்தால் காந்தம் பிடிப்பது குறையும். பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலை பெயின்ட் வெளித் தகட்டில் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும், உள் தகட்டில் அதைவிடக் குறைவு. ஆயிரத்தைத் தாண்டிக் காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது. வெல்டிங் புள்ளிகளையும் பாருங்கள். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் ஒரே அளவில், சீரான இடைவெளியில், லேசாகக் குழிந்த வட்டமாக இருக்கும். கையால் வைத்தது மேடாக இருக்கும், அல்லது கிரைண்டரால் தேய்த்த கோடு தெரியும். கையால் வைத்த வெல்டிங் இருந்தால் அது ஏற்கெனவே ஒரு முறை மாற்றிய பாகம். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துரு மேலே தெரிந்தால் பயமில்லை, பார்த்துத் தீர்மானிக்கலாம். பயப்பட வேண்டியது பெட்டி போல மூடிய சில், லெக் இவற்றின் உள்ளே இருக்கும் துரு. வெட்டிய வாய் திறந்திருப்பதால் விளக்கடித்து உள்ளே பார்க்கலாம், பழைய பாகத்தில் இருக்கும் ஒரே வசதி இதுதான். சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்றும் அரித்த தகடு மங்கலாகவும் ஒலிக்கும். உள்ளே மெல்லிய சேறு ஒரே மட்டத்தில் கோடு போட்டு நின்றால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி.

அளந்து பாருங்கள்

விற்பவர் இடத்துக்கு நேரில் போக முடிந்தால் டேப்பும் சாக்பீஸும் கொண்டு போங்கள். உங்கள் காரில் அடிபடாத பக்கத்திலிருந்தோ கையேட்டிலிருந்தோ நான்கைந்து அளவுகளை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். வெறும் ஓரத்திலிருந்து ஓரம் அளக்காதீர்கள். ஓட்டையின் நடுவிலிருந்து ஓட்டையின் நடு வரை அளக்க வேண்டும். இரண்டு ஓட்டையும் ஒரே அளவு என்றால் ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்பு வரை அளந்தாலும் அதே தூரம்தான் வரும், நடுவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஏப்ரனில் டவரின் மேல் ஓட்டைகள், லெக்கில் சப்ஃபிரேம் மாட்டும் ஓட்டை, இன்ஜின் அல்லது கியர்பாக்ஸ் மவுண்ட், பம்பர் பீம் உட்காரும் முகம், இவை நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். நீளம் மட்டும் போதாது, மூலைக்கு மூலை குறுக்கேயும் அளக்க வேண்டும். முறுக்கு விழுந்த பாகத்தில் நீளம் சரியாக இருந்தாலும் குறுக்களவு மாறியிருக்கும். பல கையேடுகள் 3 மி.மீ. வரைதான் வித்தியாசத்தை அனுமதிக்கின்றன. டேப்பில் ஐந்தாறு மி.மீ. விலகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சப்ஃபிரேமுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மைப் பிடிக்கும் காதுகள் இரண்டும் இணையாக இருக்கின்றனவா, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக் உட்காரும் இடம் உங்கள் ரேக்குக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் ஸ்டியரிங்கிலிருந்து எலெக்ட்ரிக்குக்கு மாறிய மாடல்களில் அந்த இடம் மாறியிருக்கலாம். பழைய போல்ட்டுகளை மறுபடி போடாதீர்கள். இறுக்கும்போது லேசாக நீளும் வகைப் போல்ட்டுகள் ஒரே முறை பயன்பாட்டுக்கானவை.

காகிதம்

பில்லில் பாகத்தின் பெயர், அது வந்த காரின் சேசிஸ் நம்பர், பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பது மூன்றும் இருக்கட்டும். சில கார்களில் சேசிஸ் நம்பர் ஃபயர்வாலிலோ ஏப்ரனிலோ தரைத் தகட்டிலோ கொத்தப்பட்டிருக்கும். நீங்கள் வாங்கும் துண்டில் அந்த நம்பர் இருந்தால், அல்லது உங்கள் காரில் அந்த நம்பர் இருக்கும் இடத்தையே வெட்ட வேண்டியிருந்தால், வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்காமல் தொடவே வேண்டாம். நம்பரை அழிப்பதும் மாற்றிக் கொத்துவதும் பெரும்பாலான நாடுகளில் குற்றம்.

வெல்டிங் வைக்கும் முன்

பாகம் வந்துவிட்டது. உடனே வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். கிளாம்ப் போட்டு நிறுத்தி, சப்ஃபிரேமையோ பம்பர் பீமையோ போல்ட் போட்டு மாட்டிப் பாருங்கள். போல்ட் கையால் சுற்றும்போதே உள்ளே போக வேண்டும். கம்பி விட்டு நெம்பினால்தான் ஓட்டை நேராகிறது என்றால் பாகமோ காரோ கோணலாக இருக்கிறது. எது என்று தெரியாமல் மேலே போகக் கூடாது. பில்லர் என்றால் கதவைத் தொங்கவிட்டு மூடிப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை இடைவெளி ஒரே சீராக வருகிறதா, பூட்டு தானாகப் போய் உட்காருகிறதா? கண்ணாடி வரும் இடத்தில் பழைய கண்ணாடியை வைத்துப் பாருங்கள். குறுக்களவை மறுபடி ஒரு முறை அளந்து எழுதுங்கள்.

எல்லாம் சரி என்றால் மேஸ்திரியிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். சேரும் முகங்களில் வெல்டிங்குக்கு முன் துத்தநாக பிரைமர் அடிப்பாரா? முடித்த பிறகு பெட்டிப் பகுதிகளின் உள்ளே மெழுகு தெளிப்பாரா? தொழிற்சாலையில் தோய்த்தெடுத்த துருக்காப்பு வெல்டிங் சூட்டில் எரிந்துவிடும். அந்த இடத்தில் மறுபடி காப்பு கொடுக்காவிட்டால் உள்ளிருந்து அரிக்கும். வேலை முடிந்து கார் வெளியே வருவதற்கு முன் வீல் அலைன்மென்ட் பார்த்து, அளவு அச்சடித்த தாளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களின் கோணம் சரிசெய்ய முடியாத அளவுக்கு விலகியிருந்தால், காரை எடுக்காமல் குறுக்களவுகளை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.